மாம்பழ வாசனையோடு ஒரு முதல் பரிசு

இங்கிலாந்தின் ஆஸ்லி ஊரில் கார் ஓட்டுகிறவர்கள் இரண்டு வகை. நெவில் சக்டன் கையால் ஒரு தடவையாவது பெயிலானவர்கள் ஒரு வகை. அவர் விடுப்பில் இருந்த நாளாகப் பார்த்துத் தேர்வுக்குப் போன புத்திசாலிகள் இன்னொரு வகை. ஓட்டுநர் தேர்வாளர் என்பது யார்க்‌ஷயரில் அப்படியொன்றும் பெரிய உத்தியோகமில்லை. ஆனால் நெவில் முன்சீட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் வியர்த்து வழிகிறவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "ம்" என்று ஒரு சத்தம் போடுவார் பாருங்கள், ஹைகோர்ட்டு நீதிபதி தோற்றார். அந்த "ம்"முக்குப் பயந்தே பாதிப் பேர் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்தார்கள்.

அவருக்கு உலகத்தில் எல்லாமே மட்டம். லண்டன்காரன் மட்டம், லண்டன்காரன் போடும் டீ அதைவிட மட்டம். கடைத்தெருவில் புதிதாக வந்த மீன் வறுவல் கடை மட்டம். மனைவி க்ளெண்டாவின் தங்கை கட்டிக்கொண்ட ஆள் படுமட்டம். அவர் மதித்தது ஒன்றே ஒன்றைத்தான். ஆஸ்லி பேண்டில் அவர் மடியில் வைத்து ஊதும் யூஃபோனியத்தை. குண்டாக, பளபளவென்று, ஒரு வயதுக் குழந்தையின் கனத்தில் இருக்கும் அந்தப் பித்தளை வாத்தியத்தில் முதல் நாற்காலி அவருடையது. தலை கறுப்பாக இருந்த காலத்தில் பிடித்த நாற்காலி. அதை விட்டு அவரைக் கிளப்ப எவனுக்கும் தைரியம் வந்ததில்லை.

இவ்வளவு பெரிய மனிதருக்கு ஒரே ஒரு குறை. வசந்தத்தில் மூர்சைடில் நடக்கும் பேண்டு போட்டியில், எல்லாக் குழுவிலும் சிறந்த யூஃபோனியத்துக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுப்பார்கள். ஜெயித்தவர் அதை ஒரு வருடம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். தன் செலவில் தன் பெயரை அதில் வெட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். பக்கத்து ஊர்க் கசாப்புக்கடைக்காரன் பெயர் அதில் நாலு இடத்தில் இருக்கிறது. நெவில் சக்டன் என்ற பெயர் எங்குமே இல்லை. ஒவ்வொரு வருடமும் "நடுவர் மட்டம்" என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தார்.

அந்த வருடம் பேண்டை நடத்தும் ஸ்டூவர்ட் லம்ப் ஒத்திகை முடிந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். லம்ப் நயமாகப் பேசத் தெரியாத ஆள்.

"நெவில், நீங்க மூச்சு இழுக்குற சத்தம் எனக்குக் கேக்குது."

"மூச்சு இழுத்தா சத்தம் வரத்தான செய்யும்."

"கடைசி வரிசையில டிரம் அடிக்கிறானே, அவனுக்கும் கேக்குதாம். அவனுக்கு ஒரு காது கிடையாது."

நெவில் பதில் சொல்வதற்குள் இருமல் வந்துவிட்டது. லம்ப் அது முடியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போட்டியில மெதுவான பகுதி முழுக்க உங்க தனி வாசிப்பு. ஒரே மூச்சுல நீளமாப் போகணும். ஒண்ணு சிகரெட்டை விடுங்க, இல்லேன்னா நான் அதைக் கீலிகிட்டக் குடுத்துடறேன். நாற்காலியும் சேத்துத்தான்."

கீலி ஹார்ட்லி இரண்டாவது நாற்காலிக்காரி. இருபத்திரண்டு வயது. பகலில் நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் கடையில் வேலை. நெவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "நம்ம நாய் நாவிதர்" என்பார், அவள் காதில் விழும்படியாகவே. அவள் அதற்குச் சிரித்ததும் இல்லை, முறைத்ததும் இல்லை. தன் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

சிகரெட்டை விடுவது அவருக்குப் பெரிய காரியமே இல்லையாம், க்ளெண்டாவிடம் சொன்னார். தோளில் நிகோட்டின் பிளாஸ்திரி ஒட்டினார், தோல் தடித்தது. நிகோட்டின் கம் மென்றார், கட்டிய பல் கழன்று கையில் வந்தது. மூன்றாம் நாள் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பழைய சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். க்ளெண்டா சமையலறை ஜன்னலைத் திறந்தாள்.

"அங்க என்ன தொலைச்சீங்க?"

"சாவி."

"சாவி பத்துனா புகை வருமா? பேசாம அந்த மின்சார சிகரெட்டு இருக்கே, வேப், அதை வாங்குங்க. டாக்டர் கிளினிக்ல நர்ஸே சொன்னாளே."

வேப்பா! வேப் இழுக்கிறவர்களை அவர் எத்தனை வருடமாக வாய்க்கு வந்தபடி பேசியிருந்தார். கொதிக்கிற கெண்டிக்குக் கால் முளைத்த மாதிரி தெருவில் போகிறான்கள் என்பார். வேலைநீக்கம் செய்ய வேண்டிய வாத்தியார்கள்தான் அதை இழுப்பார்கள் என்பார். தேர்வு காரில் பழ வாசனை அடித்தாலே மதிப்பெண் குறைப்பார் என்றுகூட ஊரில் பேச்சு உண்டு. அப்பேர்ப்பட்டவர், அடுத்த சனிக்கிழமை தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "மேகலோகம்" என்று நீல விளக்கில் எழுதிய கடைக்குள் நுழைந்தார். பெயரைப் படித்ததுமே அவர் முகத்தைச் சுளித்தார்.

கல்லாவில் தாடி வைத்த கோரி நின்றிருந்தான். இவரைப் பார்த்ததும் அவன் முகம் தீபம் ஏற்றியது போல் மலர்ந்தது.

"வாங்க மிஸ்டர் சக்டன். இடது பக்கமா ஓரங்கட்டி, பத்திரமான இடமாப் பாத்து நிறுத்துங்க," என்றான், தேர்வு காரில் அவர் சொல்லும் அதே குரலில்.

நெவில் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "உன்னை எங்கயோ பாத்திருக்கேன்."

"ரெண்டு தடவை பாத்தீங்க. முதல் தடவை ரவுண்டானாவுல இறக்கி விட்டீங்க. ரெண்டாந்தடவை ரவுண்டானா வரைக்கும்கூடப் போகல."

"அப்படின்னா நான் சரியாத்தான் பண்ணியிருப்பேன்."

"அது சரி. என்ன வேணும் சொல்லுங்க."

"தீந்ததும் தூக்கிப் போடுற மாதிரி ஒண்ணு இருக்குமே, அது."

"அதை விக்கிறது இப்பச் சட்டப்படி குத்தம் சார். சட்டம் தெரிஞ்ச நீங்களே இப்படிக் கேக்கலாமா?"

கோரி ஒன்றொன்றாக எடுத்து வைத்தான். முதலாவது ஒரு செங்கல் அளவு இருந்தது. அதில் சின்னத் திரை வேறு.

"இது என்ன, லாரி பேட்டரியா?"

"எத்தனை இழுப்பு இழுத்தீங்கன்னு திரையில கணக்குக் காட்டும். விளையாட்டுகூட இருக்கு."

"நான் பொம்மை வாங்க வரல தம்பி."

அடுத்தது பக்கவாட்டில் சிவப்பும் பச்சையுமாக மின்னியது. "இது ஏன் மினுக்குது?"

"அழகுக்கு."

"யாருக்கு அழகு? இதை எடுத்துக்கிட்டு நான் பாருக்குப் போனா, கூப்பிட்டு ஆடச் சொல்வானுங்க." நெவில் பொறுமையிழந்து கல்லாவில் விரலால் தட்டினார். "கேட்டுக்க. சட்டைப் பையில போட்டா வெளிய தெரியக்கூடாது. எடுத்தா இழுக்கணும், இழுத்தாப் புகை வரணும், வெச்சா சும்மா கிடக்கணும். பொத்தான் கூடாது. விளக்குக் கூடாது. எங்க வீட்டம்மா மாதிரி என்னைக் கேள்வி கேக்கக் கூடாது. தினப்படிக்கு ஒரு பேனா வாங்குற மாதிரி வாங்கிட்டுப் போகணும், அவ்வளவுதான்."

கோரி கீழே குனிந்து, கறுப்பாக, விரல் நீளத்தில் ஒன்றை எடுத்தான். எந்த அலங்காரமும் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் பேனாதான்.

"இது எங்க தெருத் தபால்காரர் வெச்சிருக்குறது. இழுத்தாத் தானாச் சூடாகும். உள்ள இருக்குற திரவம் தீந்தா, பாட்டில்லேர்ந்து இந்தத் துவாரத்துல காதுக்கு மருந்து விடுற மாதிரி சொட்டுச் சொட்டா விட்டுக்கங்க. போன் சார்ஜர் போதும். இழுத்துப் பாருங்க."

நெவில் தனி வாசிப்புக்கு முன்னால் இழுப்பது மாதிரி வயிறுவரை ஒரு மூச்சு இழுத்தார். புகையோடு திரவமும் சேர்ந்து வாய்க்குள் வந்துவிட்டது. கண்ணில் நீர் முட்ட, கல்லாவைப் பிடித்துக்கொண்டு இருமினார். கோரி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ம்."

கடையில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களையும் நெவில் எப்போதோ பெயிலாக்கியிருக்க வேண்டும்.

"சூடான டீயை உறிஞ்சுற மாதிரி கொஞ்சங் கொஞ்சமா இழுங்க சார். அவசரம் கூடாது. அவசரம்தான் விபத்துக்குக் காரணம்னு நீங்கதான் சொன்னீங்க."

வாசனை தேர்ந்தெடுப்பது அடுத்த அவமானம். புகையிலை என்று எழுதியிருந்தது நனைந்த அட்டைப்பெட்டியைக் கொளுத்தியது போல இருந்தது. புதினா பல்பசையாக இருந்தது. கடைசியில் மாம்பழம்தான் தொண்டையில் இறங்கியது. டின்னில் வந்ததைத் தவிர மாம்பழத்தையே பார்த்திராத மனிதர், மாம்பழப் பாட்டிலோடு வெளியே வந்து, தெருவின் இரு பக்கமும் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் மறைத்தார்.

மறைத்து என்ன பயன்? செவ்வாய்க்கிழமை ஒத்திகையின்போது பேண்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. டிராம்போன்காரர்கள் மூக்கைத் தூக்கி மோந்தார்கள். "யாரும்மா இங்க ஜாம் காய்ச்சுறது?" என்றான் ஒருவன். "பாட்டுக்கு முன்னாடி பழத்தட்டு சுத்தி வருமா?" என்றான் இன்னொருவன். "உங்களுக்கெல்லாம் மூக்குக்கு இருக்குற வேகம் விரலுக்கு இல்லியே" என்றார் நெவில். அது கொஞ்சம் எடுபட்டது.

ஆனால் எவ்வளவு கேலி செய்தாலும் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்தக் கறுப்புப் பேனா வேலை செய்தது. மாதம் ஒன்று கழிந்தபோது காலை இருமல் நின்றிருந்தது. இரண்டாவது மாதத்தில், மெதுவான பகுதியின் அந்த நீளமான வரியை அவர் நடுவில் எங்கும் நிறுத்தாமல் ஊதி முடித்தார். லம்ப் கைகளை இறக்கிவிட்டு, "வாசிப்பு உங்களுதுதான்" என்றார். நெவில் அன்று வீட்டுக்கு வந்து, க்ளெண்டா கேட்காமலே பாத்திரம் கழுவினார். பழமண்டியில் குடியிருப்பது போல் இருந்தாலும் திரைச்சீலையில் சிகரெட் நாற்றம் போனதில் அவளுக்குச் சந்தோஷம். வெள்ளிக் கோப்பையை எந்த அலமாரியில் வைப்பது என்று அவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு வேறெந்த யோசனையும் இல்லை.

போட்டி நாளன்று மேடைக்குப் பக்கத்து இருட்டில் ஆஸ்லி பேண்டு முறைக்காகக் காத்து நின்றது. விரலால் அழுத்தி ஊதும் வால்வுகளுக்குக் கடைசியாக எண்ணெய் விடுகிற நேரம் அது. பித்தளை வாத்தியம் ஊதுகிறவன் எவனும் வால்வில் இரண்டு சொட்டு எண்ணெய் விடாமல் மேடையேற மாட்டான். மற்றவர்கள் போன் வெளிச்சத்தில் குனிந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். நெவில் குனியவில்லை.

"பாக்காமயே விடுறவன் நான்," என்றார் பக்கத்தில் நின்ற கீலியிடம். "நீ நாய்க்குக் கத்திரி போட ஆரம்பிக்கிறதுக்கு முந்தியிருந்தே."

பேண்டு கோட்டில் உள்பை ஒன்றுதான். எண்ணெய்ப் பாட்டிலும் அதில்தான், மாம்பழப் பாட்டிலும் அதில்தான். இரண்டும் ஒரே அளவு, ஒரே பிளாஸ்டிக், ஒரே கூர்மூக்கு. நெவில் கூரையைப் பார்த்துக்கொண்டே பாட்டிலை எடுத்தார், மூடி திருகினார், ஒவ்வொரு வால்வையும் தூக்கித் தாராளமாகவே விட்டார்.

"மாம்பழ வாசனை வருது," என்றாள் கீலி.

"எப்பத்தான் வரல? உன் வேலையப் பாரு."

அவ்வளவுதான். எத்தனையோ பேரைக் கண்ணாடியைப் பார்க்கவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய மனிதர், கையிலிருந்த பாட்டிலைப் பார்க்கவில்லை. அந்தத் திரவம் எண்ணெய் இல்லை, பாகு. அது உள்ளே போன வால்வு இறங்கும், ஏறாது.

மூர்சைடில் நடுவர் யாரையும் பார்க்கக்கூடாது. மண்டபத்தின் நடுவில் துணி போர்த்திய கூண்டுக்குள் உட்கார்ந்து காதால் மட்டுமே தீர்ப்புச் சொல்வார். எந்தக் குழு, ஆணா பெண்ணா, கிழவனா குமரியா என்று ஒன்றும் தெரியாது. வேகமான முதல் பகுதியில் நெவிலின் விரல்கள் லேசாகக் கனத்தன. பதற்றம் என்று நினைத்துக்கொண்டார். பிறகு மெதுவான பகுதி வந்தது. லம்ப் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். நெவில் மூச்சை இழுத்தார். சத்தமே இல்லாத, முழு மூச்சு. இருபது வயதில் இருந்த மூச்சு. முதல் இரண்டு சுரங்கள் வெண்ணெய் போல வந்தன. மூன்றாவதற்கு அழுத்திய வால்வு கீழே போனது போனதுதான், மேலே வரவில்லை. தவறான சுரம் ஒன்று கன்றுக்குட்டி கத்துவது போல நீண்டது. அவர் விரலால் அதை நெம்பினார். அப்போதும் அசையவில்லை.

ஒரு நொடிகூட இடைவெளி விழவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து கீலி அந்த வரியைப் பிடித்துக்கொண்டாள். வாத்தியத்தின் பெரிய வாய்க்குப் பின்னால் அவள் முகம் பாதி மறைந்திருந்தது. அவர் இரண்டு மாதம் பாடுபட்டுச் சேர்த்த மூச்சு நெஞ்சுக்குள் சும்மா நின்றது. அவள் ஊதினாள். நெவில் வெட்கத்தில், வாத்தியத்தை உதட்டில் வைத்தபடியே ஊதுகிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தார்.

எல்லாக் குழுவும் முடிந்த பிறகு நடுவர் கூண்டிலிருந்து வெளியே வந்து மேடையேறினார். "ஒரு யூஃபோனியம்," என்றார் மைக்கில், "தொடக்கத்துல சறுக்கிட்டாரு. சரி, போச்சுடா ஆளுன்னு நினைச்சேன். அடுத்த நொடி வேற ஆள் மாதிரி எழுந்தாரு பாருங்க. அப்படி ஒரு வாசிப்பை நான் ரொம்ப நாளாக் கேக்கல." மண்டபம் கைதட்டியது. போட்டிச் செயலாளர் கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார். ஆஸ்லி பேண்டு, முதல் யூஃபோனியம், மிஸ்டர் நெவில் சக்டன்.

பேண்டு முழுக்க அவரைப் பார்த்தது. அவர் கீலியைப் பார்த்தார். அவள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்ததாகப் பின்னாளில் அவர் சொல்லிக்கொண்டார். பொய். அவர் கால்கள் அதற்குள் படியேறிவிட்டன. மைக் வாய்க்கு நேராக இருந்தது. கோப்பையை வாங்கினார், கை குலுக்கினார், போட்டோவுக்குச் சிரித்தார், இறங்கி வந்தார். திரும்பும் பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. டிராம்போன்காரர்கள்கூட ஒரு கேலி பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கோப்பையைச் சமையலறை மேஜையில் வைத்தார். க்ளெண்டாவுக்கு அதற்குள் யாரோ போன் செய்து எல்லாம் சொல்லியிருந்தார்கள்.

"ஊதினது அந்தப் பொண்ணு. வாங்கினது நீங்க."

"பேரைக் கூப்பிட்டாங்க, போனேன்."

"என் பேரைக் கூப்பிட்டாலும் போயிருப்பீங்க."

அவள் கோப்பையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே வைத்தாள். துவைக்கும்போதெல்லாம் அது கடகடவென்று ஆடியது. நெவில் ஒரு வாரம் அதைக் கேட்டார். எட்டாம் நாள் எடுத்துக்கொண்டு, சந்தையில் சாவி வெட்டி, செருப்புத் தைத்து, கோப்பையில் பெயரும் வெட்டிக் கொடுக்கும் பெட்டிக்கடைக்குப் போனார்.

"வாங்க, பேப்பர்ல படம் பாத்தேன்," என்றான் கடைக்காரன். "நெவில் சக்டன்தான?"

கசாப்புக்கடைக்காரன் பெயருக்குக் கீழே வெள்ளி காலியாகப் பளபளத்தது. நெவில் அந்த இடத்தைப் பெருவிரலால் துடைத்தார்.

"இல்ல. கீலி ஹார்ட்லி."

"படத்துல நீங்க இருந்தீங்களே?"

"பேப்பர்ல ஆயிரம் போடுவான். நான் சொன்னதை வெட்டுப்பா."

வெளியே வந்ததும், பெரிய தியாகம் செய்துவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு. நடையில்கூட ஒரு மிடுக்கு. தன் பெயர் வர வேண்டிய இடத்தை விட்டுக்கொடுக்க எவனுக்கு மனசு வரும் என்று வழியெல்லாம் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். கீலி கண் கலங்குவாள், எல்லோரும் எழுந்து நிற்பார்கள், தான் கையமர்த்தி "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்லலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தார். மனிதர் திருந்தினாலும் பெருமை அடித்துக்கொண்டுதான் திருந்துவார்.

ஒத்திகைக்குச் சீக்கிரமே போய், கோப்பையை அவள் நாற்காலிக்கு முன்னால் நீட்டினார். "பேரை ஒழுங்கா வெட்டியிருக்கானான்னு பாத்துக்க."

கீலி வாங்கிப் பார்த்தாள். எழுத்துகளை விரலால் தடவினாள். "அழகா வெட்டியிருக்கான்," என்றாள்.

"முதல் நாற்காலியும் உனக்குத்தான். லம்ப்கிட்டச் சொல்லிட்டேன்."

"சரி."

அவர் காத்திருந்தார். அவள் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, குனிந்து, பாட்டிலைப் பார்த்து, வால்வில் எண்ணெய் விட ஆரம்பித்தாள்.

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"சொல்லட்டுமா?"

"சொல்லேன்."

கீலி நிமிர்ந்தாள். "எங்கம்மாவுக்குச் சனிக்கிழமை எப்பவும் வேலை. நான் மேடையில வாசிச்சு அவங்க பாத்ததே இல்ல. அன்னைக்கு லீவு போட்டு வந்திருந்தாங்க. மூணாவது வரிசை. நீங்களும் நானும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருந்தோம், ரெண்டு பேருமே வாயில வெச்சிருந்தோம். யாரு ஊதுனதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க கோப்பை வாங்குறப்ப எழுந்து நின்னு கை தட்டினாங்க."

அவள் எண்ணெய்ப் பாட்டிலை மூடினாள்.

"வீட்டுக்குப் போற வழியெல்லாம் அந்தப் பெரியவரு எப்படி ஊதினாரு பாரு, அவர்கிட்டக் கத்துக்கன்னாங்க. அது நான்தாம்மான்னு சொன்னேன். மேடையேறி வாங்கினவரு பொய்யாவா வாங்குவாரு, சும்மா இருடின்னுட்டாங்க."

"இப்ப இதைக் காட்டு. பேரு இருக்கே."

"காட்டறேன். நான் அழுது வாங்கிட்டு வந்தேன்னு நினைப்பாங்க."

மற்றவர்கள் உள்ளே வர ஆரம்பித்திருந்தார்கள். யாரும் எழுந்து நிற்கவில்லை, எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். லம்ப் குச்சியால் தட்டினார். கீலி முதல் நாற்காலிக்கு நகர்ந்தாள். நெவில் இரண்டாவதில் உட்கார்ந்து, வாத்தியத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.